ஒரு கையை எந்தக் கை கழுவும்

முன்பின் தெரியாத ஒரு பொம்பளை, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக என் மச்சானைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "வெளிக்கு எப்படிப் போறே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் என் தங்கச்சி பேபி நிற்கிறாள். மச்சானைப் பெற்ற கெங்கம்மாள் நிற்கிறாள். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேறு எட்டிப் பார்க்கிறார்கள். கை போய்ப் படுத்துக் கிடக்கிற ஒரு ஆம்பளையிடம் நாலு பேர் காதுபடக் கேட்கிற கேள்வியா இது?

"இன்னா சிஸ்டர், கட்டு மாத்த வந்தீங்களா, வம்பு பண்ண வந்தீங்களா?" என்று எகிறினேன்.

"உன்னை யாரும் கேக்கல. கம்முனு இரு" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே.

மண்ணூர்பேட்டை டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்த நாகவல்லி சிஸ்டரை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். அந்தம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்னும் அந்தக் கோபம்தான் முதலில் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் கள்ளிக்குப்பத்து ஆட்கள். எங்கப்பன் காலம் வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்த குடும்பம். அம்பத்தூரில் தொழிற்சாலை எஸ்டேட் வந்ததும் ஆளுக்கொரு பட்டறையில் நுழைந்துவிட்டோம். துலுக்கானமாகிய நான் ஃபிட்டர். தங்கச்சி புருஷன் வேம்புலி, பக்கத்துப் பட்டறையில் தகடு அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டினான். எழுபதாம் வருஷம் ஆடி மாசத்தில் அந்தப் பிரஸ் அவன் வலது கையை மணிக்கட்டோடு நசுக்கிவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவன், "மச்சான், பேபி கிட்ட சொல்லிடாத" என்றான். சொல்லாமல் மறைக்கிற காரியமா அது?

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். பிரஸ் ஓட்டுகிறவனுக்குச் சோற்றுக் கை வெறும் தலைப்பாகையா?

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆள் நிஜமாகவே கரைய ஆரம்பித்தான். கெங்கம்மாள் சோற்றைப் பிசைந்து ஊட்டினால் ரெண்டு வாய் வாங்குவான், அதோடு உதட்டை இறுக்கிக்கொள்வான். தண்ணீரும் ஒரு மடக்குதான். பேபி கொடுத்தால் அதுவும் இல்லை. விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. டிஸ்பென்சரி டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, டானிக் எழுதினார். "இப்படியே சாப்பிடாம இருந்தா காயமும் ஆறாது, ஆளும் தேற மாட்டான்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். பூந்தமல்லிச் சாமியாரிடம் போய் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினோம். அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். எதுவும் கேட்கவில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அவன் மகள் பஞ்சவர்ணம் அப்போதுதான் நடை பழகியிருந்தாள். தத்தித் தத்தி அப்பனிடம் வருவாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"பெத்த கொழந்தயக் கூடத் தொட மாட்டேங்குதுண்ணே" என்று பேபி அழுவாள். இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

கட்டு மாற்ற டிஸ்பென்சரிக்குப் போவதையும் அவன் நிறுத்திவிட்டதால்தான் சிஸ்டர் வீடு தேடி வந்தார். வந்தவர் கட்டைப் பிரிக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நகர மாட்டேன் என்கிற மாதிரி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏரிக்கரைக்கா போறே?"

"ஆமா சிஸ்டர்."

"தெனமும் போறியா?"

வேம்புலி போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்துக் காட்டினான். அந்தக் கையை அவன் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தான் என்பதையே நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"இந்தக் கையாலதான் கழுவறேன். அப்பறம் இந்தக் கைய எந்தக் கை சிஸ்டர் கழுவும்?" என்றான்.

பேபி அந்தக் கையைப் பிடிக்க வந்தாள், அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மண்ணுல தேச்சுப் பாத்தேன். கல்லுல தேச்சுப் பாத்தேன். தோல் பேந்துச்சு, நாத்தம் போவல. இந்தக் கைய வெச்சிகினு சோத்தத் தொடறதா? கொழந்தயத் தூக்கறதா? துண்ணாத்தான போவணும்? அதான் துண்றதக் கொறச்சிகினேன்."

"என்னாண்ட சொல்லக் கூடாதாய்யா? நான் தேச்சு உட்டிருப்பேனே!" என்று பேபி வாயில் அடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் சொல்லல" என்றான் அவன்.

பேய் பிடித்தது, புத்தி பிசகியது, துக்கம் முற்றியது என்று நாங்கள் ஊர்ப்பட்ட காரணம் கட்டினோமே! அவனோ தெளிவாக யோசித்து, கணக்காகப் பட்டினி கிடந்து, எங்கள் கண்ணெதிரிலேயே செத்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் தொட்டியில் கை கழுவும்போது என் கைகளையே பார்த்தேன். வலது இடதைத் தேய்க்கிறது, இடது வலதைத் தேய்க்கிறது. பிறந்ததிலிருந்து செய்கிற காரியம். ஒரு கை இல்லாதவனுக்கு மற்றக் கையும் பாதி இல்லை என்பது மண்டையில் ஏறவே இல்லையே, சே!

சிஸ்டர் அவனுக்கு ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லைப் பார்த்தார்.

"நீ இன்னா வேலப்பா செய்யறே?" என்று என்னைக் கேட்டார்.

"ஃபிட்டர்."

"துணி தேக்கிற பிரஷ் ஒண்ண மல்லாத்தி, பலகைல ஆணி அடிச்சி, இந்தக் கல்லுல ஆடாம நிறுத்த முடியுமா?"

அன்றைக்கே செய்து கொடுத்தேன். மறுநாள் சிஸ்டர் வந்து, புடவைத் தலைப்பால் தன் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். இடது கையில், அசிங்கத்துக்குப் பதிலாக, வரட்டியைக் கரைத்து அப்பிக்கொண்டார். பேபி தண்ணீர் ஊற்ற வந்தாள். தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, தானே சொம்பில் மொண்டு பிரஷ்மேல் ஊற்றி, சிவப்புச் சோப்பை அதன்மேல் இழுத்து, கையைப் புரட்டிப் புரட்டித் தேய்த்தார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் எதையும் விடவில்லை. பிறகு நேராகப் போய்க் கெங்கம்மாள் மூக்குக்கு முன்னால் கையை நீட்டினார்.

"மோந்து பாரு."

கிழவி அரண்டுபோய் நாலடி பின்னால் போனாள்.

"மோந்து பாருன்றேன்!"

மோந்தாள். "சோப்பு வாசனதான் வருது" என்றாள் வேண்டா வெறுப்பாக.

"அப்ப சரி. இன்னிலேர்ந்து உன் புள்ள இந்தக் கையாலயே சாப்புடுவான்."

அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது. "பீச்சாங்கையால சோறா!" என்று கெங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "எம் மருமவப்பொண்ணு தெரியாத்தனமா பீச்சாங்கையால ஒரு தட்ட நீட்டினாலே நான் வாங்க மாட்டேன். பெத்த புள்ள அந்தக் கையால துண்றத நான் பாக்கணுமா? அவன் அதுல சோத்தத் தொட்டான்னா, இந்த ஊட்ல நான் பச்சத் தண்ணி தொட மாட்டேன், சொல்லிட்டேன்!"

நானும் உள்ளுக்குள் அவள் பக்கம்தான் நின்றேன். நம் வீட்டில் எந்தப் பிள்ளை இடது கையைத் தட்டில் வைத்து அடி வாங்காமல் வளர்ந்திருக்கிறது?

"சோத்துக் கை போயிடுச்சும்மா" என்றார் சிஸ்டர். குரல் உயரவில்லை. "அது வராது. மிச்சம் கீறது இது ஒண்ணுதான். இதுவும் ஆவாதுன்னா, உன் புள்ளையே ஆவாதுன்னு சொல்ற. எது வேணும்னு நீயே பாத்துக்க."

கெங்கம்மாள் தன் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தாயம்மாவிடம் போய்விட்டாள். படுப்பதற்கு மட்டும் வருவாள். சாப்பாடு அங்கேதான்.

வேம்புலி சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். பாதி சோறு தரையில் சிந்தும். பேபி பொறுக்காமல் ஊட்டப் போவாள். ஒருநாள் அதைப் பார்த்த சிஸ்டர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். "அவன் செய்யறத நீ செஞ்சா அவனுக்கு இன்னா மிச்சம் கீது? கைய மடில வெச்சிகினு உக்காரு!" பேபி அப்படியே உட்கார்ந்தாள், கண்ணில் தண்ணீர் வழிய.

வெளியே வந்ததும் நான் கேட்டேன், "எப்படி சிஸ்டர் வந்ததும் அந்தக் கேள்வியக் கேட்டீங்க?"

"படிக்கிறப்ப எங்களுக்கு மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதாம்பா. நோய அப்பறம் பாரு, மனுசனப் பாருன்னாங்க. காலைல எழுந்தா அவன் இன்னா செய்யறான்? மூச்சு உடறான், துண்றான், வெளிக்குப் போறான், குளிக்கிறான், துணி கட்றான், நாலு பேராண்ட பேசறான், சாமி கும்புடறான், வேலைக்குப் போறான், படுத்துத் தூங்கறான். இதுல எது முடியலன்னு ஒண்ணொண்ணா கேக்கணும். முடியாததுக்கு மட்டும் நாம கை குடுக்கணும். அவனுக்கு முடிஞ்ச அன்னிக்கு கைய எடுத்துக்கணும். கூச்சப்பட்டுகினு ஒண்ணக் கேக்காம உட்டா, நோவு அங்கதான் ஒளிஞ்சிகினு இருக்கும்."

இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. ஆனால் டாக்டர், சாமியார், பெற்றவள், கட்டினவள், மச்சான் என்று இத்தனை பேர் சுற்றி நின்றும் ஒருத்தரும் கேட்கவில்லையே.

நாகவல்லி சிஸ்டர் அயனம்பாக்கத்துக்காரர். அவர் அப்பா ஏரிக்குக் கீழே கூலிக்குக் கதிரறுத்தவர். பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸிங் முடித்துவிட்டு, அங்கேயே வேலை இருந்தும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். கறுப்புக் குடையோடு நடந்தே வீடு வீடாகப் போவார். கர்ப்பிணி வீட்டுக்குப் போனால் மாத்திரையை அப்புறம் தருவார், எந்த ஜன்னல் பக்கம் படுக்கிறாய் என்று முதலில் கேட்பார். காற்று வர ஜன்னல் இல்லை என்றால் வீட்டுக்காரனோடு சண்டைக்கு நிற்பார். எஸ்டேட் பையன்கள் அவருக்கு 'வெளிக்கி சிஸ்டர்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் போகும். "வெச்சவன் ஒழுங்கா போறானா கேளு" என்பார்.

என்னை அவர் அதோடு விடவில்லை. சில மாசம் கழித்து வந்து, "இன்னொரு பலக வேணும்" என்றார். யாருக்கு என்றேன். மண்ணூர்பேட்டையில் ஒருத்தனுக்கு. அப்புறம் இன்னொன்று கேட்டார், அப்புறம் இன்னொன்று. எஸ்டேட்டில் கை போனவன் என் மச்சான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரஸ் ஓடுகிற பட்டறைகளின் பின்னால் இத்தனை வீடுகளில் இத்தனை பேர் போர்வைக்குள் ஒரு கையை ஒளித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். எழுபத்தெட்டில் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை பலகை அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் சிஸ்டர் என்றதும் எனக்கு நினைவு வருவது, அவர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான்.

முதல் பலகை அடித்து ரெண்டு மாசம் இருக்கும். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. வேம்புலிக்குக் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. சுவரை விட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்குத் தேறியிருந்தான். கொல்லைக்குப் போய்ப் பலகையில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். கெங்கம்மாள் வழக்கம்போலத் தன் தட்டை எடுத்துக்கொண்டு தாயம்மா வீட்டுக்குக் கிளம்பி, வாசலைத் தாண்டப் போனாள்.

பஞ்சவர்ணம் தத்தித் தத்தி வந்து அப்பன் முன்னால் நின்று, வாயை ஆவென்று திறந்தாள்.

வேம்புலி திகைத்தான். பேபியைப் பார்த்தான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாக ஒரு சின்ன உருண்டை உருட்டிக் குழந்தையின் வாயருகே கொண்டு போனான். அப்போதுதான் வாசலில் அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

கெங்கம்மாள் தட்டை வாசலிலேயே போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். பேத்திக்கு முன்னால் மண்டியிட்டு மகன் மணிக்கட்டைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் அந்தக் கையைச் சோற்றோடு இழுத்து மூக்கில் வைத்து மோந்தாள். ரொம்ப நேரம் மோந்தாள். பிறகு கையைக் குழந்தையின் வாய்ப் பக்கம் தள்ளிவிட்டாள்.

பஞ்சவர்ணம் மென்று முடிக்கும்வரை கெங்கம்மாள் எழுந்திருக்கவில்லை.

"எனக்கும் ஒரு வாய் குட்றா" என்று அவளும் வாயைத் திறந்தாள்.