தலைவர்கள் கட்டிப்பிடித்த வாரம்

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவு ஊரில் வெளியுறவுக் கொள்கையை என்னைவிட உன்னிப்பாகக் கவனித்த ஆள் கிடையாது. வேறு வேலை இல்லாமல் இல்லை. வளைகுடா நாடு ஒன்றுக்குப் படகு வேலைக்குப் போன என் தம்பி, முதலாளி காட்டிய இடத்தில் வலை போட்டு, அதற்குப் பக்கத்து நாட்டுக் கடற்காவலர்களிடம் மாட்டிக்கொண்டான். அவனோடு எங்கள் பகுதி ஆட்கள் இன்னும் இரண்டு பேர். முதலாளி தன் படகை மீட்க வக்கீல் வைத்தார். ஆட்களை மீட்க நான் மனு எழுதினேன்.

மனுவைக் கொடுக்கச் சென்னைக்கு என்னோடு நைனாவும், அதாவது அப்பாவும், வந்தார். எங்கள் ஏரியில் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முறை உண்டு. ஒருவன் முறை மாறி வலை போட்டு மாட்டினால் வலையைப் பிடுங்கிக்கொண்டு, ஆளுக்குச் சோறு போட்டு அனுப்பிவிடுவார்கள். மீதியை இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். உலகம் முழுக்க இதுதான் சட்டம் என்று நைனா நம்பிக்கொண்டிருந்தார்.

"வலைய வெச்சிக்கச் சொல்லு சார். போட்டையும் வெச்சிக்கட்டும். ஆள இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறாங்க? சோறு போட்றது அவங்களுக்குத்தான தண்டம்?" என்று மனு வாங்கிய அதிகாரியிடம் கேட்டார்.

அதிகாரி நல்ல மனிதர்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அது நட்பு நாடும்மா. இப்போ உறவு ரொம்ப நல்லா இருக்கு. உள்ள அடிக்கிறதா கேள்விப்பட்டோம்னு எழுதியிருக்கீங்க, அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். அந்த வரி வேணாமே" என்றார். உறவு அவ்வளவு நன்றாக இருந்தால் என் தம்பி ஏன் கம்பிக்குள் இருக்கிறான் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, அந்த வரியை எடுத்துவிட்டு வேறு மனு எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாட்டுத் தலைவர்களும் சந்தித்தால் நல்லெண்ணம் என்று சொல்லிக் கொஞ்சம் ஆட்களை விடுவார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு வீட்டில் சீரியல் நின்றுபோனது, செய்திதான். வெறும் கைகுலுக்கல் என்றால் உதட்டைப் பிதுக்குவேன். தம்பி மாட்டிய ஏழாவது மாதம் தலைவர்கள் கட்டிப்பிடித்தார்கள். முதுகில் தட்டிக்கொண்டார்கள். என் கல்யாணத்தில்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. ஆட்களைத் திருப்பி அனுப்ப ஒப்பந்தமும் போட்டார்களாம், அதில் பக்கத்துக்குப் பக்கம் மனிதநேயமாம். முதல் பட்டியலில் என் தம்பி பெயர் வந்தது. மற்ற இருவர் பெயர் வரவில்லை.

விமானம் ஏறும் முன் தம்பி போனில் பேசினான். நான் அதற்குள் பாதி அதிகாரியாகவே ஆகியிருந்தேன். "இங்க டிவிக்காரங்க நிப்பாங்க. நல்லா பாத்துக்கினாங்கனு மட்டும் சொல்லு. மத்த ரெண்டு பேரும் வரணுமில்ல?" என்றேன். சரிக்கா என்றான்.

விமான நிலையத்தில் பொன்னாடை போட்டார்கள். சேனல்காரர் ஒருவர் மைக்கை நீட்டி, "அங்க உங்கள எப்படி நடத்துனாங்க?" என்றார்.

"இன்னா சார்?"

அவர் மறுபடி கேட்டார். தம்பி மறுபடி இன்னா என்றான். மூன்றாவது முறை அவர் கத்தினார். தம்பி தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான். "இந்தாண்ட கேளு சார். அந்தக் காது அங்கியே பூட்ச்சி." பிறகு நினைவு வந்தவனாக அவசரமாகச் சொன்னான்: "நல்லா பாத்துக்கினாங்க."

வரவேற்க வந்திருந்த அதே அதிகாரி கூரையில் ஏதோ தேடினார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள், உள்ளேயே இருக்கும் இருவரில் ஒருவரின் மனைவி ஆரம்பாக்கத்திலிருந்து வந்தாள். தம்பியின் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரர அடிச்சாங்களாப்பா?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"அடிச்சாங்க அண்ணி. என்னிய அடிக்கசொல்லோ அவரு குறுக்க வுழுந்து தடுத்தாரு. அதனாலதான் அவர வுடல."

"அப்பறம் இன்னாத்துக்கு டிவில அப்பிடிச் சொன்ன?" என்றாள் அவள்.

அவன் பதில் சொல்வதற்குள் முந்திக்கொண்டு, "நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றேன்.