கடையம்மாவின் தொண்டை

"நீங்க டொக்டருங்களா?"

பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டாவது காலை இன்னும் தரையில் ஊன்றாத மனிதர்மேல் இந்தக் கேள்வி தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து மோதுகிறது. அவர் திடுக்கிட்டு நிமிர்கிறார். கேட்டவர் புடவைக்கடைக்குள் ஏணிமேல் நிற்கிறார், கையில் பாதி விரித்த நூல்சேலை. "இல்லீங்க, நான் இன்சூரன்ஸ்" என்கிறார் மனிதர். "பரவால்லங்க, போயிட்டு வாங்க" என்று அவரை மன்னித்து அனுப்பிவிட்டு, ஏணிக்காரர் கீழே நிற்கும் வாடிக்கைக்காரியிடம், "இது சாயம் போகாதும்மா" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

இலங்கை மலையகத்து மஸ்கெலியா கடைவீதியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது ஜெயலெட்சுமியின் கடை. சேலைக்கு மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர், சேலைக்குக் கீழே வெள்ளைக் கென்வஸ் சப்பாத்து, வெயிலானாலும் மழையானாலும் கக்கத்தில் ஒரு குடை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர் 'கடையம்மா'. ஆனால் கடை அவருக்குப் பக்கவேலைதான். சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் காலையும் பல்லையும் கண்ணையும் கவனிப்பதுதான் முழுநேர வேலை. இதற்கென்று அவருக்குச் சங்கமோ பதவியோ பெயர்ப்பலகையோ கிடையாது. தொண்டை இருக்கிறது.

அந்தத் தொண்டை எப்படி வாய்த்தது என்பதில் ஊரில் ஒருமித்த கருத்து இல்லை. பஸ் ஹோர்னோடு போட்டி போட்டே வளர்ந்தது என்பார் சிலர். பிறவியிலேயே அப்படித்தான் என்பது அவருடைய அண்ணன்மார் கட்சி. எப்படியிருந்தாலும், பொது நிகழ்ச்சிகளில் அவர் கையில் மைக் கொடுக்க யாரும் துணிவதில்லை. ஹட்டன் பஸ்ஸில் ஒருமுறை சிங்களக் கண்டக்டர் கும்பிடாத குறையாக, "நோனா, டிக்கக் ஹெமின்" என்று கேட்டுக்கொண்டார். கொஞ்சம் மெதுவாக என்று அர்த்தம். ஜெயலெட்சுமியும் பெரிய மனதோடு குரலைத் தாழ்த்தினார். அதன்பின் பேச்சு பஸ்ஸின் கடைசி இருக்கையைத் தாண்டி வெளியே போகவில்லை.

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வரும் குடும்பம் எதுவும் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒரு சோடிக்காவது ஏற்பாடு செய்யாமல் அந்தக் கடைப்படி இறங்க முடியாது. "மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்தாச்சு, பொண்ணுக்கு கூறை எடுத்தாச்சு. அப்ப மூணாங்கிளாஸ் புள்ளைக்கு?" என்று கேட்பார். எந்தப் பிள்ளை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் அந்தப் பிள்ளையின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்துத்தான் எழுந்திருக்க வேண்டும்.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்கிவிட்டால் அவருக்கு அறுவடைக்காலம். கொழும்பிலிருந்து வந்த பல் டொக்டர் ஒருவர், மலையேறி இறங்கி, முழங்கால் இரண்டும் ஆட, தேத்தண்ணீர் குடிக்க மஸ்கெலியாவில் நின்றதுதான் தவறு. ஓடக்கூடிய நிலையில் அவர் இல்லை. மறுநாள் முழுக்கத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாய் வாயாகப் பார்த்தார். இப்போது வருடம் தவறாமல் அவராகவே வந்துவிடுகிறார். மலைக்குப் போவதைத்தான் நிறுத்திவிட்டார்.

கணவர் வீரபத்திரன் கல்லாவில் இருப்பார். பேச்சுக் குறைந்த மனிதர். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "கல்யாணமான புதுசுல தலவலி வரும்ங்க. இப்ப அவ ஊர்ல இல்லாட்டித்தான் வருது" என்பார்.

போன வருடம் மழைக்காலத்தில், சாமிமலை போகும் வழியிலுள்ள ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து கொடுக்கப் போனார் ஜெயலெட்சுமி. எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு பெண்பிள்ளை, தனுஷிகா, யன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. "அதுகிட்ட கேட்டுப் பிரயோசனமில்லக்கா" என்றார் வகுப்பாசிரியை பிரேமினி. "மந்தம். கூப்பிட்டா திரும்பிக்கூட பாக்காது. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

"ஏ புள்ள! கால் என்ன சைஸு?" என்றார் ஜெயலெட்சுமி, வாசலில் நின்றபடியே.

"அஞ்சு" என்றது தனுஷிகா.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பிரேமினி டீச்சரின் கையிலிருந்த சோக்கட்டி கீழே விழுந்தது. ஜெயலெட்சுமிக்கு மட்டும் ஆச்சரியமில்லை. பிள்ளைகளுக்குத் தன்மேல் இருக்கும் பிரியம் அப்படி என்று நினைத்தார். அடுத்த நாளிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கதை கிடைத்தது. "டீச்சரோட பேசாது, அம்மாவோட பேசாது. என்னைக் கண்டதும் பட்டுனு வாய் தொறந்துச்சு பாருங்க! அன்பா கேக்கணும். கேக்குற விதத்துல இருக்கு."

அன்பின் மகிமை இப்படி ஒரு மாதம் ஓடியது. பிறகு தொண்டை கட்டிக்கொண்டது.

வேறொரு தோட்டத்தில் பல் முகாம். தகரக் கூரையில் அடைமழை. மழையையும் மீறிப் பிள்ளைகளின் பெயர்களை நாள் முழுக்கக் கூப்பிட்டுவிட்டு வீடு வந்தவருக்கு, விடிந்தபோது குரல் இல்லை. காற்று மட்டும்தான் வந்தது. கடைவீதி குழம்பிப்போயிற்று. எதிர்க்கடைப் பழக்காரர் தெருவைக் கடந்து வந்து, "அக்கா ஊர்ல இல்லீங்களா?" என்று ஏணியில் நின்ற அக்காவிடமே கேட்டார்.

அந்த நிலைமையிலும் வீட்டில் இருக்கமாட்டாமல், அளவு சரிவராத சப்பாத்துகளை மாற்றிக் கொடுக்க ஜெயலெட்சுமி பள்ளிக்கூடத்துக்குப் போனார். இடைவேளை நேரம். தனுஷிகா முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். "தனுஷிகா" என்றார், வந்த மட்டில். அவள் திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய்க் கூப்பிட்டார். அசையவில்லை. ஜெயலெட்சுமிக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பிரியம் இவ்வளவுதானா? தோளைத் தொட்டார். பிள்ளை திரும்பி, முகமெல்லாம் சிரித்து, பிறகு அவருடைய கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்த்தாள்.

ஜெயலெட்சுமி மெல்ல நகர்ந்து அவளுக்குப் பின்னால் போனார். குடையைக் கல்லில் தட்டினார். கைகளைத் தட்டினார். "கேக்குதா புள்ள?" என்று இருந்த காற்றையெல்லாம் கூட்டிக் கேட்டார். தனுஷிகா தன் பாட்டில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடையம்மா அதே படியில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பிள்ளை தன்னிடம் பேசியதற்கு அன்பு காரணமில்லை. அதன் காதுக்கு எட்டிய ஒரே சத்தம் தன்னுடையது. அவ்வளவுதான். கர்வம் கலைந்ததில் ஒரு கணம் வருத்தம்தான். அடுத்த கணம் பிரேமினி டீச்சரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தனுஷிகாவின் வீடு இருக்கும் லயத்துக்கு ஏறினார்.

தனுஷிகாவின் தாய் மீனம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்து, இடுப்பில் கட்டிய நனைந்த சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஜெயலெட்சுமி அவளுடைய காதருகே குனிந்து, "புள்ளைக்கு மந்தமில்லம்மா. காதுதான் கேக்கல" என்றார். சரியாக விளங்காததை டீச்சர் எடுத்துச் சொன்னார், ஆஸ்பத்திரியில் காட்டினால் காதுக்குக் கருவி கிடைக்கும் என்பதையும். எத்தனை தடவை அவரே அந்தப் பிள்ளையை வாங்குமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்!

"சின்னதுல காதுல சீழு வந்துச்சுங்க" என்றாள் மீனம்மா. "எண்ண காச்சி ஊத்துனோம், நின்னுருச்சு. படிப்பும் ஏறல. கொழும்புல ஒரு வீட்டுல புள்ள பாத்துக்க ஆள் வேணுமாம், இவங்க அப்பா சொல்லி வச்சிருக்காரு. பொங்கல் முடியவும் அனுப்பணும். இப்ப போயி காதுல மிசின மாட்டுனா, நாளைக்கு இவள யாருங்க கட்டுவா?"

இந்த இடத்தில் ஜெயலெட்சுமி வழக்கமாகக் கத்தியிருப்பார். கத்தத்தான் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் மீனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். வெகுநேரத்துக்குப் பிறகு, "சரிங்க, காட்டிட்டு மட்டும் வருவோம்" என்றாள் மீனம்மா. பின்னாளில் அவள் அண்டை வீட்டாரிடம் சொன்ன காரணம் வேறு: "கடையம்மா கத்தாம பேசுனாங்கடி. எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப்போச்சு. என்னமோ பெரிய வியாதின்னுதான் கெளம்பினேன்."

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் குரல் முழுதாகத் திரும்பிவிட்டது. காது டொக்டர் ஓர் இளம் சிங்களப் பெண், தமிழும் ஓரளவு தெரிந்தவர். ஜெயலெட்சுமி விஷயத்தை விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, மிகுந்த பரிவோடு, "அம்மாவுக்கு எவ்வளவு காலமாக் கேக்கிறதில்ல?" என்றார். பிள்ளைக்குத்தான் என்று எவ்வளவு சொல்லியும் விடவில்லை. சத்தமாகப் பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் காதில் குறை இருக்குமாம். முதலில் அவரைத்தான் கண்ணாடி அறைக்குள் உட்கார்த்திப் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் அப்பழுக்கில்லை. இதைக் கேள்விப்பட்ட அன்று வீரபத்திரன் கல்லாவில் தலைகவிழ்ந்து சிரித்ததில், மிச்சக் காசுக்கு வாடிக்கையாளர்கள் காத்து நிற்க வேண்டியதாயிற்று.

தனுஷிகாவின் செய்தி அப்படியில்லை. இரண்டு காதிலும் கேட்கும் சக்தி பெரும்பகுதி போயிருந்தது. எஞ்சியதைக் கொண்டு, கருவி வைத்துக் கேட்க வைக்கலாம் என்றார் டொக்டர். அந்த மாதம் ஹட்டன் வியாபாரி ஒருவர் மகளின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தார். அவருடைய செலவு சப்பாத்தோடு முடியவில்லை, கருவிவரை போயிற்று.

கருவி மாட்டிய நாளில் ஜெயலெட்சுமி பிள்ளையின் முன்னால் போய் நின்று, "தனுஷிகாஆ! கேக்குதாம்மாஆ?" என்றார். தனுஷிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தாயிடம் திரும்பினாள். "அம்மா, கடையம்மா ஏன் இப்படி கத்துறாங்க?"

டொக்டர் யன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வரும் வழியில், பஸ் கினிகத்தேனையைத் தாண்டும்வரை ஜெயலெட்சுமி யாரோடும் பேசவில்லை.

வகுப்புப் பையன்கள் தனுஷிகாவை 'ரேடியோ' என்றார்கள். அவள் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். சேதி கேட்டு ஜெயலெட்சுமி பள்ளிக்கூடத்துக்குப் பாய்ந்து போய், "எவன்டா அவன் ரேடியோன்னு சொன்னது?" என்று முற்றத்தில் நின்று முழங்கினார். அதுவரை அந்தப் பட்டப்பெயரை அறியாதிருந்த மற்ற வகுப்புகளுக்கும் அது தெரிந்துபோயிற்று. பிரேமினி டீச்சர் அவரை மெதுவாக வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

வீட்டில் கேலி செய்ய ஆளில்லை என்பதால் அங்கே மட்டும் பிள்ளை கருவியை மாட்டியிருந்தாள். ஒரு சாயங்காலம் மீனம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே, கொழும்பிலுள்ள கணவனோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். ஃபோன் ஸ்பீக்கரில் பலகைமேல் இருந்தது. பொங்கல் முடிந்த கிழமை அனுப்பிவிடலாம், துணிமணி அங்கேயே தருவார்களாம், அழுதால் என்ன செய்வது? எல்லாம் பிள்ளையின் முன்னாலேயே. அவள் விஷயத்தை எப்போதும் அப்படித்தான் பேசுவார்கள்.

"நான் போகல" என்றாள் தனுஷிகா. "ஸ்கூலுக்குத்தான் போவேன்."

மீனம்மாவின் கை மாவிலேயே நின்றது. ஃபோனில் தகப்பன் கேட்டான்: "யாரு அது பேசுறது?"

மீனம்மா ஃபோன்பக்கம் குனிந்து சொன்னாள்: "ஒங்க மகதாங்க."

"இன்னொருக்கா பேசச் சொல்லு" என்றான் தகப்பன்.

மறுநாள் தனுஷிகா கூந்தலை இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டு, இரண்டு காதும் தெரியப் பள்ளிக்கூடம் போனாள். பையன்கள் சில நாள் ரேடியோ என்று பார்த்துவிட்டு அலுத்துப்போனார்கள். பொங்கல் வந்தது, போனது. கொழும்பு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் தேடிக்கொண்டார்கள். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். கணக்கு இன்னும் அவளுக்குக் கசப்புத்தான். விட்டுப்போன வருடங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கவேண்டியிருக்கிறது. பிரேமினி டீச்சருக்குப் புதிதாக ஒரு குறையும் வந்திருக்கிறது: "பாடத்துக்கு நடுவுல ஒரே பேச்சுக்கா. வாய் மூடுறதேயில்ல." இதைக் கேட்டு ஜெயலெட்சுமி பூரித்துப்போனார். ஊரெல்லாம் இப்போது அந்தக் கதைதான்.

ஆனாலும் தனுஷிகாவின் குரல் சன்னம். கடைவீதி இரைச்சலில் எடுபடாது. போன சனிக்கிழமை தாயோடு சாமான் வாங்க வந்தவள், கடைக்குள் ஏறி மேசைப்பக்கம் நின்றாள். ஜெயலெட்சுமி ஃபோனில் ஒரு கண் டொக்டரைப் பிடித்து வைத்திருந்தார். டொக்டர் இங்கிலாந்தில் இருந்தார். ஃபோன் இல்லாமலே அவருக்குக் கேட்டிருக்கும். தனுஷிகா ஏதோ சொன்னாள். ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. மறுபடியும் சொன்னாள். ஆறாம் வகுப்பு, ஒரு பிள்ளை, கால் என்று துண்டு துண்டாகத்தான் விழுந்தது.

"டொக்டர், வைங்க, பொறகு எடுக்கிறேன்" என்று ஜெயலெட்சுமி பேச்சை நடுவில் அறுத்தார். கடையில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. வீரபத்திரன்கூட நிமிர்ந்தார்.

"என்னாது? எந்தப் புள்ள? காலுக்கு என்னா?" என்று ஆரம்பித்தவர், தனுஷிகா தோள் குறுகிப் பின்வாங்குவதைக் கண்டார். உடனே வலக்கையால் தன் வாயைத் தானே இறுகப் பொத்திக்கொண்டு, மேசைமேல் குனிந்து, காதைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் வாயருகே வைத்தார்.