பத்து மணி வண்டி

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவின் கோல சிலாங்கூரில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அம்மாவோடு சேர்ந்து பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். வாசிக்கும் ஆசையை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. கருவாடு கட்டிவந்த தாளைக்கூடப் பிரித்து, கறைக்கு நடுவில் தெரிகிற வரிகளைப் படிப்பேன். "அந்த நாத்தத்துல என்னடி படிப்பு?" என்று அம்மா திட்டுவார்.

ஒரு புதன்கிழமை விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் சீவ முடியாது, பால் பட்டையில் வழிந்து வீணாகிவிடும். அதனால் அன்று வேலை இல்லை. பத்து மணிவாக்கில் மழை லேசாக விட்டதும் சீனி வாங்கக் கிளம்பினேன். கடை எங்கள் லய வீடுகளின் வரிசையிலிருந்து தள்ளி, மேட்டுக்கு அந்தப் பக்கம், தோட்ட ஆபீசுக்கு எதிரே இருந்தது. ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய வேன் நின்றது. பக்கவாட்டுக் கதவு திறந்திருக்க, உள்ளே அடுக்கடுக்காகப் புத்தகங்கள். அதில் ஒரு தட்டு முழுக்கத் தமிழ்! சீனி வாங்க வந்ததையே மறந்துவிட்டேன்.

நூலகத்தின் நடமாடும் வண்டியாம் அது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதன்கிழமை பத்து மணிக்கு வருமாம். ஒரு வருஷத்துக்கு மேலாகவே வந்துகொண்டிருந்ததாம்! ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியின் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? விடிவதற்கு முன் மரத்தடிக்குப் போனால், பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு நாங்கள் வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிடும்.

வண்டியோடு வந்த அதிகாரி பட்டணத்துத் தமிழர், இளைஞர். அடுத்த மாதத்தோடு இந்த நிறுத்தத்தை எடுக்கப்போகிறோம் என்று சாதாரணமாகச் சொன்னார்.

"எஸ்டேட் ஆளுங்களுக்கு எங்கம்மா படிக்கிற பழக்கம்? எல்லாரும் வீடியோ முன்னாலதானே உக்காந்திருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க வர்ற நேரத்துல நாங்க மரத்தடியில நிக்கிறோம் சார். அப்புறம் யாரு வருவா?"

"ஆபீஸ் டைம் அதுதான்லா. நான் என்ன செய்ய முடியும்?" என்றார்.

வீடியோ பார்த்தோம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீடியோக் கடைக்காரர் எப்போது வந்தார்? நாங்கள் குளித்து, சாப்பிட்டு, காலை நீட்டி உட்காருகிற நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் டேப்போடு லயத்துக்கே வந்தார். ஆட்கள் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படித்து உத்தியோகம் பார்க்கும் இவருக்கு அது தோன்றவே இல்லை. தோன்றாதது போகட்டும், எங்களுக்குப் பழக்கம் இல்லை என்று தீர்ப்பு வேறு!

நாங்கள் பேசியதை வண்டியோட்டி கேட்டுக்கொண்டிருந்தார். நரைத்த மலாய்க்காரர், பாக்சிக் என்று மாமா முறை சொல்லிக் கூப்பிடுகிற வயது. தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, என் முகம் புரிந்திருக்கும். அதிகாரி ஆபீசுக்குள் போனதும் என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டு மத்தியானம் இந்த வழியாகத்தான் திரும்புவாராம். அதிகாரியைக் கிராணி வீட்டில் சாப்பிட இறக்கிவிடுவாராம். "நானும் எங்கேயாவது சாப்பிடத்தானே வேண்டும்? உங்கள் பால் கொட்டகையில் நிழல் இருக்கிறதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அடுத்த முறை, நாங்கள் பால் நிறுக்க வரிசையில் நிற்கும்போது வண்டி கொட்டகை ஓரமாக வந்து நின்றது. பாக்சிக் கதவைத் திறந்துவிட்டு, படியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மெதுவாகச் சாப்பிட்டார் அந்த மனிதர்! பக்கத்து வீட்டு அக்கா பாம்புகளைப் பற்றிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டார். தன் மரங்களுக்கு நடுவே தினமும் ஒன்றாவது குறுக்கே போகிறதாம், எது கடிக்கும் எது கடிக்காது என்று தெரிய வேண்டாமா என்றார். படிக்கத் தெரியாத பெண்களுக்கு நான் சாயங்காலங்களில் வாசித்துக் காட்டினேன். பழக்கம் இல்லாதவர்களாம் நாங்கள்!

சில மாதங்கள் இப்படி ஓடின. பத்து மணி நிறுத்தத்தை எடுக்கும் பேச்சும் மேலிடத்தில் இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் அதிகாரி சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே நடந்து வந்துவிட்டார். அக்கா பாம்புப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அட்டையில் காய்ந்த பால் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்தது. உரித்தால் வந்துவிடும். அதற்குள் அதிகாரி கத்தினார்.

"புத்தகத்தைத் தொடுற கையா இது?"

அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வண்டியின் சக்கரத்தைக் காட்டினார்.

"இந்தக் கை எடுத்த பால்லதான்யா உங்க வண்டி ஓடுது."

அதிகாரி பாக்சிக்கை விரட்டி வண்டியைக் கிளப்பச் சொன்னார். அதன்பின் அந்த வண்டி எங்கள் தோட்டத்துக்கு வரவே இல்லை. கிராணியைக் கேட்டோம். பத்து மணிக்கு ஆள் வருவதில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். பாக்சிக்கின் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எடுத்துப் படித்ததெல்லாம் கணக்கிலேயே சேராதாம்!

எங்கள் கையில் இன்னும் சில புத்தகங்கள் இருந்தன. தோட்டத்து ஆட்கள் திருடிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது என்றார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டி, புத்தகங்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, இருவரும் பஸ் ஏறிப் பட்டணத்து நூலகத்துக்குப் போனோம். பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாம். எங்களுக்கு இருக்கும் ஒரே ஓய்வு நாளில்! அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

எதிரே ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். கதையைக் கேட்டுவிட்டு, "வச்சுட்டுப் போங்கம்மா, நாளைக்கு நானே குடுத்துர்றேன்" என்றார். பிறகு பூட்டிய கதவைப் பார்த்து, "லீவு நாள்லதானே ஜனங்க வருவாங்க? இவங்க என்னத்துக்கு மூடுறாங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

இப்போது நான் தோட்டத்தில் இல்லை. கைப்பேசி வந்தபிறகு நூலகத்துக்கு யார் வருகிறார்கள், பழைய அருங்காட்சியகம்போல அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்று நான் போகிற கூட்டங்களில் பேசுகிறார்கள். அன்று வீடியோவைச் சொன்ன அதே குரல். கைப்பேசி எந்த நேரமும் ஜனங்களின் கையில் இருக்கிறது, அதனால் ஜெயிக்கிறது. தொழிற்சாலையில் வேலை முடிந்து வயசுப் பிள்ளைகள் வெளியே வரும்போது நூலகத்தில் விளக்கு அணைந்திருக்கிறது. ஜனங்களுக்குப் படிக்கும் ஆசை போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, நீங்கள் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தீர்கள் என்று கேட்காமல் அந்த இடத்தைவிட்டு நான் எழுந்ததில்லை.