கடைசித் தூணுக்கு எதிரே

தொப்பி தைக்கும் ஊசியை வாயில் கவ்வியபடியே டெராமான் சேவலைக் குளிப்பாட்டுவார். துவட்டியதும், அன்று தைத்து முடித்த கறுப்பு வெல்வெட் தொப்பி ஒன்றை மல்லாத்தி, பறவையை அதற்குள் உட்கார வைப்பார். தொப்பிக்குள் அடங்காத சேவலைச் செராமா என்ற குட்டி இனமாக அவர் ஒத்துக்கொள்வதில்லை. “உடம்பு தொப்பிக்குள்ள இருக்கணும், திமிரு ஊரைத் தாண்டணும்” என்பார். தைத்துத் தைத்துக் கூன் விழுந்தவர். பள்ளிவாசலில் தொழும்போதுகூட அந்த முதுகு நிமிர்ந்ததில்லை.

மனைவி மெக் யம் காலையில் விற்கும், சங்குப்பூ போட்ட நீலச் சோற்றில் முதல் பிடி சேவல்களுக்குத்தான். அதையும் டெராமான் ஊதி, ஆற வைத்துக் கொடுப்பார். “எனக்கு ஒரு நாளாவது இப்படி ஊதிக் குடுத்திருக்கீங்களா?” என்று அவள் கேட்டால், “நீ நெஞ்சை நிமித்திக் காட்டு, பாக்கலாம்” என்று பதில் வரும்.

நிமிர்த்திக் காட்டுவதுதான் பந்தயமே. எதிரே இன்னொரு சேவலைக் கண்டால் செராமாவின் நெஞ்சு தலைக்கு மேல் ஏறும், தலை பின்னால் போய் வாலைத் தொடும், இறக்கைகள் செங்குத்தாக இறங்கி நுனி மட்டும் நடுங்கும். அவர்கள் ஊரான பாசிர் மாஸில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். எதிரே ஒன்றுமில்லாமல் எந்தச் சேவலும் அப்படி நிற்காது.

டெராமான் வீட்டில் மட்டும் அப்படி நின்றது. வெள்ளம் வந்த வருடம், தூண்கள் மேல் நின்ற வீட்டுக்கு அடியில் சேவல்களைப் பழக்கும் மேசையைக் கடைசித் தூண் பக்கம் நகர்த்தினார். அன்றிலிருந்து எந்தச் சேவலை ஏற்றினாலும் அந்த வெறும் தூணைப் பார்த்து விறைத்தது. பந்தயக் கோப்பைகள் வீட்டுக்கு வந்தன. அடுத்த வீட்டு ஆவாங் ஒருநாள் எட்டியே நின்று, “அங்க யாரு நிக்கிறாங்க?” என்று கேட்டான்.

“யாரு நின்னா என்ன? சேவல் நிக்குதுல்ல” என்றார் டெராமான்.

மெக் யம்மால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வென்று வந்த சேவல்கள் கூண்டை எங்கே மாட்டினாலும் அந்தத் தூண் பக்கமே திரும்பி நின்றன. தீனியைத் தொடவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள் விடியும்போது நின்றபடியே செத்திருக்கும். புதைப்பவள் அவள்தான். வளைந்த கழுத்து ஒன்றைக்கூட அவளால் நேராக்க முடிந்ததில்லை.

இப்போது இருப்பவன் பெயர் இந்தான். தாய்க்கோழி கைவிட்ட முட்டையை மெக் யம் அடுப்போரக் கூடையில் வைத்துப் பொரித்தெடுத்த வெள்ளைச் சேவல். பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. வேறு சேவலைக் கண்டால் நெஞ்சை நிமிர்த்தாது, ஓடி வந்து அவள் மடியில் ஏறிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை பக்கத்து நகரமான கோத்தா பாருவில் பந்தயம்.

“இவன் தோத்தாலும் பரவாயில்ல. அந்தத் தூணுக்கு மட்டும் இவனைக் காட்டாதீங்க” என்று அவள் கெஞ்சியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார்.

அஸர் தொழுகை முடிந்த மாலை நேரம், கீழே சேவலை நிமிர வைக்க விரல் சொடுக்கும் சத்தம் கேட்டது. அவள் இறங்கி ஓடினாள். இந்தான் மேசை மேல் இருந்தது. அதன் இறக்கைகள் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. டெராமான் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சட்டென்று சேவலை அள்ளித் தொப்பிக்குள் வைத்து அவளிடம் நீட்டினார்.

“கொண்டு போ, யம். இவன் தோக்கட்டும்.”

அவளுக்கு அழுகை வந்தது. நாற்பது வருடத்தில் தன் பேச்சுக்கு அவர் கோப்பையை விட்டது இதுதான் முதல் தடவை. மேசை விரிப்பைச் சுருட்ட அவர் மேசைக்கும் தூணுக்கும் நடுவே போனார். அவள் படியேறிக் காப்பி கலந்தாள். அது ஆறிப் போகும்வரை அவர் வரவில்லை என்று மேலிருந்து கூப்பிட்டாள். தொப்பியை மார்போடு அணைத்தபடி பாதிப் படி இறங்கிப் பார்த்தாள்.

அவர் தூணைப் பார்த்து நின்றிருந்தார். விரிப்பு காலடியில் கிடந்தது. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி நேராகக் கீழே தொங்கின. நாற்பது வருடக் கூன் நிமிர்ந்து, நெஞ்சு மெல்ல மேலே எழும்ப, தலை பின்னால், இன்னும் பின்னால் போனது. விரல் நுனிகள் மட்டும் நடுங்கின.