கடைசிப் பெயர்

பசிபிக் கடல் நடுவே எங்கள் பிட்கேர்ன் தீவில் பவுண்டி என்றால் ஒன்றா, இரண்டா? கலகம் செய்த மாலுமிகளான எங்கள் முன்னோர் ஏறி வந்து கொளுத்திய கப்பல் பவுண்டி. கொளுத்திய இடம் பவுண்டி விரிகுடா. வருஷத்துக்கொரு நாள் பொம்மைக் கப்பலை எரித்துவிட்டு விருந்து சாப்பிடுகிறோமே, அந்த நாளும் பவுண்டிதான். ஓடிப்போனவன் தலைக்கு ராஜா வைக்கிற விலைக்கும் அதே பெயராம். அள்ளிக் கொடுப்பதையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரு கப்பல்காரர் சொன்னபோது லெனோரா சிரித்துவிட்டாள். "எனக்கு யாரு அள்ளிக் குடுத்தா?"

நாற்பத்தாறு வயது அவளுக்கு. மரத்தில் பவுண்டிக் கப்பல் செதுக்கிப் பயணிகளிடம் விற்பாள். எத்தனை கப்பல் செதுக்கியிருப்பாள்! ஒன்றிலாவது ஏறிப் போனதுண்டா? முதலில் தம்பிகள் சின்னவர்கள், பிறகு அம்மா படுக்கையில். அம்மாவைப் புதைத்துவிட்டு நிமிர்ந்தால் சுற்றிலும் கடல்.

அந்தத் தடவை வந்த கேப்டன் மாவு, சர்க்கரையோடு, நியூசிலாந்துக்கு ஓர் ஆள் சும்மா போகச் சீட்டும் கொடுத்தார். எது வந்தாலும் எங்களுக்குப் பங்குதான். சதுக்கத்தில் வீட்டுக்கொரு குவியல் வைத்து, சீட்டை ஒரு மாவுப் பைக்கு அடியில் ஒளித்தார், பங்கு பிரிக்கும் பெரியவர் பர்லி. அவர் ஒவ்வொரு குவியலாகத் தொட்டு "யாருக்கு?" என்பார். முதுகு காட்டி நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். பதினெட்டு வருஷமாகப் பெயர் சொல்வது லெனோரா. தன் பெயரைக் கடைசியில்தான் சொல்வாள். அது அவள் மரியாதை.

ஆரம்பிக்கும் முன் பர்லி அவளிடம் குனிந்தார். "எப்பவும் போலவே கூப்பிடு புள்ளே. அவசரப்படாதே."

"ஏன் மாமா, நான் என்ன பறக்காவெட்டியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கடைசியில் நின்று நின்று என்ன கண்டேன் என்று நெஞ்சு பொருமியது. பர்லி முதல் குவியலைத் தொட்டார்.

"யாருக்கு?"

"லெனோராவுக்கு!"

பர்லி கடைசிக் குவியலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். அவள் மாவுப் பைக்கு அடியில் வெறும் மண். கடைசிக் குவியல் இளவட்டம் எல்வினுக்குப் போனது. பையைத் தூக்கியவன் துள்ளிக் குதித்தான்.

விழுந்த பங்கை மாற்றக் கூடாது.

"உனக்காகத்தாண்டி அதைக் கடைசியில வெச்சேன், பாவி!"

"சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னேனே!"

பர்லி செய்தது தப்பு என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

எல்வின் போனான். அடுத்த வாரம் மீன் பங்கு. லெனோராதான் முதுகு காட்டி நின்றாள். தன் பெயரைக் கடைசியில் சொன்னாள். குவியலில் மீன் இருந்தது, வேண்டிய மட்டும்.