ஒரு மாமனுக்குத்தான் இடம்

மகள் தப்பாய்ப் போட்ட கணக்கை அழித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் வாசனை. உங்களுக்கு அதில் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். எனக்கு எடப்பாடியில் நான் நடத்திய டிசைன் கடையும், அங்கே இருந்த கிழட்டுக் கம்ப்யூட்டரும்தான். அது மக்கர் பண்ணினால் உள்ளே இருக்கும் ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டுவேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவே. பல்லைத் தேய்த்துப் பயன்? கோளாறு வயிற்றில். எதைக் கொடுத்தாலும் கொள்ளாது.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு அக்கா வந்தார். மறுநாள் மகனுக்குக் காதுகுத்து, ஃப்ளெக்ஸ் வேண்டும். தாய்மாமன் படமில்லாத ஃப்ளெக்ஸ் எங்கள் பக்கம் செல்லாது. அவருக்கோ அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். கிணற்றுத் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அண்ணன் படத்தை வைத்தேன். தம்பி படத்தை வைத்ததும், நினைவகம் போதவில்லை என்று சொல்லி மென்பொருள் மூடிக்கொண்டது. ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்தினேன், வேண்டாத கோப்புகளை அழித்தேன், திரைக்குப் பின்னணியாய் வைத்திருந்த அருவிப் படத்தைக்கூட எடுத்தேன். ரப்பரும் ஆயிற்று. மறுபடி அண்ணன், மறுபடி தம்பி, மறுபடி மூடல். அச்சடிக்கிற கடை சேலத்தில். சிடியைக் கொண்டுபோக வேண்டிய கடைசி பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்தக் கடையில் அழுவதற்கும் இடம் போதாது.

"ஒருத்தர உட்டுரலாங்களாக்கா?"

"உட்டா, படத்துல இல்லாதவன் அப்பறம் எங்கூட்டு வாசப்படி மிதிக்க மாட்டான் சாமி. ரெண்டு பேரும் எங்கூடப் பொறந்தவங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்ற பொட்டியும் எங்கண்ணனாட்டத்தான் இருக்குது. தம்பியப் பாத்ததும் எந்திரிச்சுப் போயிருது."

ஒரே ஒரு வழி மிச்சம். ஒவ்வொரு படமும் தனி அடுக்காக நிற்பதுதான் நினைவகத்தைத் தின்கிறது. அண்ணனைப் பின்னணியோடு ஒட்டிவிட்டால் தம்பிக்கு இடம் கிடைக்கலாம்.

"ஒட்டிட்டா அப்பறம் பிரிக்க முடியாதுங்க. அவரே வந்து என்னையத் தூக்குன்னாலும் முடியாதுங்க."

"அதத்தான நானும் இத்தன வருசமா சாமிகிட்டக் கேக்கறேன். ஒட்டு."

ஒட்டினேன். தம்பியை வைத்தேன். திரை உறைந்தது. பிறகு மெதுவாக, நெற்றியிலிருந்து மீசை வரை, தம்பி வந்தார். அவரையும் ஒட்டிவிட்டு சிடியோடு ஓடினேன்.

மறுநாள் ஃப்ளெக்ஸைக் கொடுக்கப் போனபோது இரண்டு மாமன்களும் கோயிலில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். காது குத்தியதும் பையன் அண்ணன் மடியில் வீரிட்டான். தம்பி வந்து வாழைப்பழத்தை நீட்டினார்.

இப்போது என்னிடமுள்ள கம்ப்யூட்டர் எத்தனை மாமன்களையும் தாங்கும். எல்லோரும் தனித்தனியாக நிற்கிறார்கள். போன வாரம் ஃப்ளெக்ஸுக்குச் சொல்லியிருந்த ஒருவர் போனில், "அந்தாள மட்டும் தூக்கிருங்க" என்றார். முடியாதுங்க என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. தூக்கிவிட்டேன்.