சுகுமாரனுக்கு விழுந்த கைதட்டல்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காமினி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொத்தச் சரக்கும் நிற்கும். தரச் சோதனைப் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர். ஆனால் டத்தோ கிராமாட் சாலைக் கோயிலின் கூட்டத்தில் மற்றப் பெண்களோடு சேர்ந்து அவளும் தலையாட்டினாள்.

"திருவிழாவுக்கு கேட்டரிங் வேணாம் லா. மூணு நாளும் நம்ம பொம்பளைங்களே சமைக்கட்டும். என்னம்மா, சரிதானே?" என்று தலைவர் பக்கிரிசாமி கேட்டார்.

மாதர் பிரிவுத் தலைவி வள்ளியம்மா முதலில் சரி என்றாள். உடனே பெண்கள் வரிசை முழுக்கச் சரி என்றது. காமினியின் வாயும் சரி என்றது.

அப்போது அவள் கணவன் சுகுமாரன் எழுந்தான். "வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு மூணு நாளு யாரு லீவு தருவா? ஆம்பளைங்க வந்து வெங்காயம் உரிப்பாங்களா?"

மண்டபமே கைதட்டியது. கேட்டரிங்கே இருக்கட்டும் என்று பக்கிரிசாமி சிரித்தபடி இறங்கி வந்தார். "குடுத்து வச்சவ லா நீ," என்று பக்கத்திலிருந்தவள் காமினியின் தொடையைக் கிள்ளினாள்.

காமினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வரும்போது காரில் அவள் புலம்பிய வார்த்தைகள் அவை, ஒன்றுகூட மாறவில்லை. அவள் வாயில் புலம்பலாக இருந்தது, அவன் வாயில் நியாயமாகிவிட்டது. கட்டிய கணவன் மேலேயே இப்படிப் பொறாமை வருமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"தலைவரே, நான் சரின்னு சொன்னது பொய். எனக்குச் சமைக்க இஷ்டமில்ல. அதை நானே சொல்லணும்."

யாரும் கைதட்டவில்லை. "அதான் உன் வூட்டுக்காரரு சொல்லிட்டாரே, உக்காரும்மா," என்றார் பக்கிரிசாமி. வள்ளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான் பேசிட்டேன்ல, நீ வேற எதுக்கு?" என்று காரில் சுகுமாரன் உண்மையிலேயே புரியாமல் கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பின் மாதர் பிரிவின் வாட்ஸ்அப்பில் அவள் எது போட்டாலும் பதிலே வரவில்லை.

திருவிழாவின் முதல் நாள் சாப்பிட்டவர்கள் சுகுமாரனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். குழாயடியில் கைகழுவிக்கொண்டே காமினி அதைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாள். வள்ளியம்மா அருகில் வந்து நின்றாள்.

"உன் மேல கோவம்னு நெனச்சியா? நீ எழுந்து நின்னப்ப எனக்கு வயிறு எரிஞ்சிச்சும்மா," என்றாள் தாழ்ந்த குரலில். "இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட எனக்கு அந்தத் துணிச்சல் வரல."

காமினி குழாயை மூடாமல் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து நின்றாள்.